பட்டனும் வேண்டும், டச்சும் வேண்டும்

கேள்வி: முழு டச் போனில் டைப் அடித்தால் எனக்குப் பாதி எழுத்து தப்பாகத்தான் விழுகிறது. மேலே டச் திரை, கீழே முழு கீபோர்டு என்று இரண்டும் சேர்ந்த போன் ஒன்றைக் குறைந்த விலையில் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய நோக்கியா ஆஷா 303, சாம்சங் கேலக்ஸி ஒய் புரோ, பிளாக்பெர்ரி எல்லாம் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. அதிகம் கேள்விப்படாத கம்பெனியின் புதுப் போன் ஒன்றும் கண்ணில் பட்டது. எதை வாங்கலாம், வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. நானும் பல வருஷம் பட்டன் போனில்தான் எழுதினேன், பார்வை எங்கேயோ இருக்க இரண்டு கட்டைவிரலும் தானாக ஓடும் அந்தச் சுகம் கண்ணாடியில் வருவதே இல்லை. ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை இந்த வகைப் போன்களில் கீபோர்டு அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை, உள்ளே இருக்கும் மென்பொருள்தான் முதலில் சாகிறது. அதனால் பட்டனை அமுக்கிப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

ஆஷா 303 வந்தது 2011-இல். 2.6 அங்குல டச் திரை, முழு குவெர்ட்டி கீபோர்டு, வைஃபை, 3ஜி எல்லாம் உண்டு, அந்தக் காலத்துக்கு அது அருமையான போன். அதில் ஓடுவது சீரிஸ் 40 என்ற நோக்கியாவின் சொந்த மென்பொருள். வாட்ஸ்அப் அதற்கான ஆதரவை 2018 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. கேலக்ஸி ஒய் புரோவும் 2011 மாடல்தான், ஆண்ட்ராய்டு 2.3 கொண்டது. 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு அந்த ஆண்ட்ராய்டிலும் வாட்ஸ்அப் கிடையாது. பிளாக்பெர்ரியின் சொந்த மென்பொருளில் ஓடும் போன்களுக்கு 2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு கம்பெனியே சேவையை முடித்துக்கொண்டது, அதற்குப் பிறகு போன் கால்கூட ஒழுங்காக வரும் என்று உறுதி சொல்ல முடியாது என அவர்களே அறிவித்துவிட்டார்கள். வாட்ஸ்அப் வேண்டாம், இணையம் பார்த்தால் போதும் என்று நினைத்தாலும் சிக்கல்தான். இன்றைய தளங்கள் கேட்கும் பாதுகாப்புச் சான்றிதழ்களும் மறையாக்க முறைகளும் அந்தப் பழைய பிரவுசர்களுக்குத் தெரியாது, பாதிப் பக்கங்கள் திறக்கவே திறக்காது. அடிப்பதற்குக் கீபோர்டு ஜோராக இருக்கும், அடித்ததை அனுப்பத்தான் வழி இருக்காது.

இன்னொன்று நெட்வொர்க். பல நாடுகளில் 3ஜியை மூடிவிட்டார்கள், சில இடங்களில் 2ஜியும் போய்விட்டது. 4ஜி போன் என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது, அதில் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே குரல் அழைப்பு போகும் வசதி, உங்கள் சிம்மோடு வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் இணையம் 4ஜியில் ஓடும், கால் வந்தால் மட்டும் போன் 3ஜியையோ 2ஜியையோ தேடிக்கொண்டு நிற்கும். சிம்மைப் போட்டு ஒரு கால் செய்து பாருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதும் மேலே 4ஜி அடையாளமோ வோல்ட்டி அடையாளமோ அப்படியே இருந்தால் சரி.

ஆக, நீங்கள் சொன்ன பழைய போன்கள் மூன்றையும் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். கால் பேச மட்டும் என்றால் அதற்கு டச் எதற்கு?

புதுப் போனுக்கு வருவோம். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்து ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு, பாதுகாப்பு அப்டேட் எந்த மாதத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாதம் போட்டிருந்தால் இனிமேலும் அப்டேட் வரப்போவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், வங்கிச் செயலி வைத்திருப்பவர்கள் அந்தப் போனைத் தொட வேண்டாம். ராம் விஷயத்திலும் கவனம் தேவை. ஆண்ட்ராய்டு 13-இலிருந்து, மலிவு போன்களுக்கென்றே இருக்கும் கோ எடிஷனுக்கே குறைந்தது 2 ஜிபி ராமும் 16 ஜிபி சேமிப்பும் வேண்டும் என்று கூகுள் வைத்திருக்கிறது. அது குறைந்தபட்ச அளவு, அதில் நிம்மதியாக வேலை செய்ய முடியும் என்று அர்த்தமில்லை. சேமிப்பில் கொஞ்சத்தை எடுத்து ராமோடு கூட்டிக் காட்டும் விர்ச்சுவல் ராம் கணக்கையும் நம்பாதீர்கள், உண்மையான ராம் எவ்வளவு என்று கேளுங்கள்.

இதெல்லாம் தேறிய பிறகுதான் கீபோர்டு. இங்கே அவசரப்படாமல் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசைக்குப் பத்து எழுத்து, போனின் அகலம் 60 மில்லிமீட்டர் என்றால் ஒரு பட்டனுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் இடமே கிடையாது. அவ்வளவு சின்னப் பட்டனைக் கட்டைவிரல் கண்டுபிடிப்பது அதன் வடிவத்தை வைத்துத்தான். நடுவில் லேசாகப் புடைத்திருக்கிறதா, ஒரு பட்டனுக்கும் அடுத்ததற்கும் நடுவே விரலுக்குத் தெரியும்படி ஒரு பள்ளமோ விளிம்போ இருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று ஒரே பலகையாக இருந்தால் அதில் எழுதுவதும் கண்ணாடியில் எழுதுவதும் ஒன்றுதான். பட்டனுக்குக் கீழே பொதுவாக ஒரு சின்ன உலோகக் குமிழ் இருக்கும், அமுக்கும்போது அது உள்ளே மடங்கி 'டக்' என்று ஒரு உணர்வு கொடுக்கும். அந்த 'டக்' எல்லாப் பட்டனிலும் ஒரே மாதிரி வர வேண்டும். ஓரத்தில் இருக்கும் க்யூ, பி, அப்புறம் ஸ்பேஸ் பட்டனின் இரண்டு முனை, இங்கேதான் மலிவு போன்கள் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் நிஜமாகவே எழுதிப் பாருங்கள். ஹலோ, ஹாய் எல்லாம் வேண்டாம், உங்கள் முகவரியை முழுசாக, கதவு எண், போன் நம்பர், நடுவில் கமா, ஒரு சாய்கோடு எல்லாம் சேர்த்து வேகமாக அடியுங்கள். எண்ணுக்கும் குறிகளுக்கும் ஆல்ட் பட்டனைப் பிடிக்க வேண்டியிருக்கும், அது எந்தக் கை வாட்டத்துக்கு வருகிறது என்று அப்போதுதான் தெரியும். ஒரு எழுத்து விட்டுப்போகிறதா, ஒருமுறை அமுக்கினால் இரண்டு விழுகிறதா என்றும் அதிலேயே தெரிந்துவிடும். நான் ஒருமுறை கடையில் நாலு வார்த்தை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்து வந்தேன். வீட்டில் உட்கார்ந்து நீளமாக ஒரு கடிதம் எழுதும்போதுதான் 'ஈ' பட்டன் மூன்றுக்கு ஒருமுறை இரட்டையாக விழுந்தது. ஆங்கிலத்தில் அந்த எழுத்து இல்லாமல் ஒரு வரிகூட ஓடாது. மறுநாள் கொண்டுபோனால், பழகினால் சரியாகிவிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரியாகவே இல்லை.

திரையைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஏதாவது ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் திரையின் நான்கு மூலைக்கும், குறுக்கும் நெடுக்குமாக, மெதுவாக இழுத்துப் பாருங்கள். நடுவில் எங்காவது ஐகான் கையிலிருந்து நழுவி விழுந்தால் அந்த இடத்தில் டச் செத்திருக்கிறது. திரை நகத்தின் நுனிக்கும் மூடிய பேனா முனைக்கும் வேலை செய்தால் அது ரெசிஸ்டிவ் வகை. மேலே இருக்கும் மெல்லிய படலம் அழுந்திக் கீழ்ப் படலத்தைத் தொட்டால்தான் அதற்குத் தெரியும். நோக்கியா சி3-01, ஆஷா 300 போன்ற பழைய போன்களில் அதுதான். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவது அவற்றில் நடக்காது, உருட்டிப் படிக்க விரலை அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும். இன்றைக்கு அதை வாங்க ஒரு காரணமும் இல்லை.

திரையின் வடிவத்தையும் பாருங்கள். கீபோர்டுக்கு இடம் விட்டதால் திரை குட்டையாக, பெரும்பாலும் சதுரமாகவோ படுக்கையாகவோ இருக்கும். செயலிகளைச் செய்பவர்கள் உயரமான திரையை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள், அதனால் சிலவற்றில் 'சரி' என்ற பட்டனே திரைக்குக் கீழே போய் மறைந்துகொள்ளும், மேலே தள்ளவும் முடியாது. நீங்கள் தினமும் பயன்படுத்தும் செயலிகளை, முக்கியமாக பணம் அனுப்பும் செயலியை, அந்தப் போனிலேயே கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

கீபோர்டு அருமை, திரை சுமார் என்றால் வாங்குங்கள். திரை அருமை, கீபோர்டு சுமார் என்றால் வேண்டாம், அதற்குச் சாதாரண டச் போனே மேல். நீங்கள் தேடிப் போனதே கீபோர்டைத்தானே.

கேள்வி: இந்த மாதிரி கீபோர்டில் தமிழில் எழுத முடியுமா? பட்டன் மேல் ஆங்கில எழுத்து மட்டும்தானே இருக்கிறது?

பதில்: எழுத்து அச்சாகியிருக்க வேண்டிய அவசியம் இல்லை, பழகிவிட்டால் யாரும் பட்டனைப் பார்ப்பதில்லை. சிக்கல் வேறு இடத்தில். திரையில் வரும் கீபோர்டில் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றிக் கொடுக்கும் செயலிகள் பல, பட்டனில் அடிக்கும்போது அந்த மாற்றத்தைச் செய்யாமல் ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிடும். ஆகவே 'தமிழ் வருமா?' என்று மட்டும் கேட்காதீர்கள், 'பட்டனில் அடித்தால் தமிழ் வருமா?' என்று கேளுங்கள், அடித்தும் பாருங்கள்.

ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரு பட்டன் என்று வைத்திருக்கும் தமிழ்99 கீபோர்டு முறையைப் பழகியவர்களுக்கு இன்னொரு நெருடல் இருக்கிறது. அந்த முறையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 பட்டன் வேண்டும். ஆங்கில எழுத்துகளோ 26. மீதி ஐந்து எழுத்தான ச, ஞ, ந, ய, ழ கணினியில் நிறுத்தக்குறிகள் இருக்கும் பட்டன்களில் உட்கார்ந்திருக்கின்றன. போன் கீபோர்டுகளில் அந்தப் பட்டன்கள் தனியாக இருப்பது அரிது, ஆல்ட் பிடித்துத்தான் வர வேண்டும். 'ச'வும் 'ந'வும் 'ய'வும் எவ்வளவு அடிக்கடி வரும் எழுத்துகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இது பெரிய குறையாகத்தான் படுகிறது, இரண்டு வரிக்குள் கை சலித்துவிடும். மேலே சொன்னபடி ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்கும் முன் 'யாழ்', 'நெஞ்சு', 'கொய்யா' என்று மூன்று வார்த்தை அடித்துப் பாருங்கள். விரலுக்கு எவ்வளவு வேலை என்றும் தெரியும், 'கொ' உடையாமல் திரையில் சேர்ந்து வருகிறதா என்றும் தெரியும்.

கேள்வி: அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. டச் போனில் கால் எடுக்கவே சிரமப்படுகிறார், ஆனால் பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால் பேச ஆசை. டச்சும் நம்பர் பட்டனும் உள்ள மடக்கு போன் சரிப்படுமா?

பதில்: நன்றாகவே சரிப்படும், இந்த வகைப் போனுக்கு மிகப் பொருத்தமான ஆள் உங்கள் அப்பாதான். வயதானால் விரல்நுனியின் தோல் காய்ந்துவிடுகிறது. இன்றைய டச் திரை விரல் படும்போது ஏற்படும் நுண்ணிய மின் மாற்றத்தை வைத்தே தொட்டதை உணர்கிறது, காய்ந்த விரலை அது பல நேரம் கண்டுகொள்வதில்லை. அவர் சரியாகத்தான் தொடுகிறார், போனுக்குத்தான் தெரியவில்லை. இதை அவரிடமும் சொல்லுங்கள், தனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். மடக்கு போனில் திறந்தால் கால் எடுத்தாயிற்று, மூடினால் வைத்தாயிற்று.

5 என்ற பட்டனில் ஒரு சின்னப் புள்ளி புடைத்திருக்கும், இருட்டில் அதை வைத்து மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடலாம். அது தடவினால் தெரியும் அளவுக்கு எழும்பியிருக்கிறதா பாருங்கள். அழுத்திப் பிடித்தால் கால் போகும்படி 2-லிருந்து வீட்டார் நம்பர்களைப் பதிந்து கொடுத்துவிடுங்கள். வீடியோ காலுக்கு நான் மேலே சொன்ன ஆண்ட்ராய்டு பதிப்பு விஷயம் இங்கேயும் பொருந்தும். சாம்சங் கேலக்ஸி ஃபோல்டர் 2 இந்த வகையில் அழகான போன், ஆனால் அது 2017 மாடல், ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது, இனி அதை நம்பி வாங்குவது சரியில்லை. நம்பர் பட்டனில் நீளமாக எழுதச் சொல்லி அவரைப் படுத்தாதீர்கள், குரல் செய்தி அனுப்பக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய கீபோர்டு போனில் சில பட்டன்கள் ஒட்டிக்கொள்கின்றன. பின்மூடியும் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பட்டனை மறந்துவிட்டு முதலில் மூடியைக் கவனியுங்கள். போனை அணைத்து பேட்டரியைக் கழற்றிச் சமமான மேஜையில் படுக்க வைத்து லேசாகச் சுற்றிவிடுங்கள். பம்பரம் போலச் சுற்றினால் பேட்டரி நடுவில் உப்பியிருக்கிறது, அதை இனி சார்ஜ் போடவே கூடாது, குத்தவோ அழுத்தி உள்ளே தள்ளவோ கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு நல்ல பேட்டரியாகப் பார்த்து மாற்றுங்கள். கழற்ற முடியாத பேட்டரி என்றால் நீங்களே பிரிக்காமல் ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

பட்டன் ஒட்டுவது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்ததுதான். பேட்டரி இல்லாத நிலையில், பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, பட்டன் இடுக்குகளில் துடையுங்கள். நேராக ஊற்றாதீர்கள், தண்ணீர் வேண்டவே வேண்டாம். எழுத்தின் மேல் அழுத்தித் தேய்த்தால் அச்சு போய்விடும், ஓரத்தை மட்டும் துடைத்தால் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பட்டனுக்குக் கீழே இருக்கும் உலோகக் குமிழ் நசுங்கியிருக்கும், குமிழ்கள் இருக்கும் தகட்டையே மாற்ற வேண்டும்.