கருத்தடை செய்த பூனைக்கு மறுபடியும் ஹீட்: நஷ்டஈடு கேட்கலாமா?

கேள்வி: எங்கள் பெண் பூனைக்குத் தனியார் கிளினிக் ஒன்றில் 6,000 ரூபாய் கட்டிக் கருத்தடை செய்தோம். ஏழு மாதம் கழித்து, ஹீட் வந்த பூனை (அதாவது இணை தேடும் பருவத்தில் இருக்கும் பூனை) போல இரவெல்லாம் கத்திக்கொண்டு தரையில் புரள ஆரம்பித்தது. வேறொரு டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்து, வலது சினைப்பையில் ஒரு துண்டு விடுபட்டிருந்தது என்று சொல்லி எடுத்தார். செலவு 14,000 ரூபாய். முதல் கிளினிக்கில் போய்க் கேட்டால், "எது நடந்தாலும் நாங்க பொறுப்பில்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: முடியும். அந்தக் கையெழுத்துக்காகப் பின்வாங்காதீர்கள். மயக்க மருந்தில் ஆபத்து உண்டு, ரத்தக்கசிவு வரலாம் என்று தெரிந்துதான் சம்மதித்தீர்கள் என்பதற்கு மட்டுமே அது சான்று. கவனக்குறைவுக்கு யாரும் முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட முடியாது.

நீங்கள் பணம் கட்டிப் பெற்ற சேவை என்பதால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். உங்கள் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. கெடு இரண்டு ஆண்டு. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற வாதமே எழாதபடி, முதல் அறுவை நடந்த நாளிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கடினமான இடம் இனிதான். சிகிச்சையின் பலன் சரியில்லை என்பதாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. சராசரித் திறமையுள்ள மருத்துவர் காட்டும் கவனத்தை இவர் காட்டினாரா என்று பார்க்க வேண்டும். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அளவுகோல் இது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று இப்போதே ஊகிக்கலாம்: "சில பூனைகளுக்குச் சினைப்பைத் திசு வேறு இடத்திலும் வளரும், அதுதான் இது." ஆகவே, அந்தத் துண்டு சினைப்பை வழக்கமாக இருக்கும் இடத்திலேயே இருந்ததா என்பதில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. இரண்டாவது டாக்டரிடம் அறுவைக் குறிப்பை எழுத்தில் கேளுங்கள். எடுத்த திசுவைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்றால் இன்றே ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஒரு காரியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் கிளினிக்கின் ரசீது, அந்த ஒப்புதல் படிவத்தின் நகல், பூனை கத்திய வீடியோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிறகு 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். பல தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

அறுவை செய்தவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தானா என்பதையும் தமிழ்நாடு மாநில கால்நடை மருத்துவக் கவுன்சிலில் விசாரித்துப் பாருங்கள். இல்லை என்றால் விஷயமே வேறு; 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். பதிவு பெற்றவர்தான் என்றால் போலீஸுக்குப் போக வேண்டாம். மிருகவதைப் புகார் இங்கே பொருந்தாது.

தொகையைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் கண்ணில் பூனை இன்னும் ஒரு உடைமைதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் நிலைமை அதுதான். இரண்டாவது அறுவைச் செலவு, முதலில் கட்டிய பணம், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் மனுவின் நம்பகத்தன்மைதான் குறையும்.