சேற்றில் புதைந்த அறுவடை இயந்திரத்தை ஹெலிகாப்டரால் தூக்கலாமா?

நண்பரே, மன்னார்குடி பக்கம் வயலில் புதைந்த 6 டன் அறுவடை இயந்திரத்தை ஹெலிகாப்டரால் தூக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடையை மட்டும் பார்த்தால் முடியும்; எம்ஐ-17 ஹெலிகாப்டரின் கொக்கியில் சுமார் 4 டன்தான், ஆனால் சினூக் 10 டன் தூக்கும், எம்ஐ-26 என்றால் 20 டன். சிக்கலே சேறுதான். இயந்திரம் சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் செயினை நம்ம களிமண் கவ்விப் பிடிக்கும் விசையும் எடையோடு சேரும், எவ்வளவு என்று விமானிக்கு முன்கூட்டியே தெரியாது, சட்டென்று விடுபட்டால் ஹெலிகாப்டரே நிலைகுலையும். அப்புறம் விசிறிக் காற்றில் சுற்றியுள்ள கதிரெல்லாம் சாய்ந்துவிடும். தண்ணீரை வடித்து, செயினைச் சுற்றி மண்ணை வெட்டி, தென்னங்கட்டை கொடுத்து, கெட்டியான தரையில் நிற்கும் பொக்லைனால் வந்த வழியே மெதுவாக இழுங்கள். இழுக்கும்போது கம்பிவடத்துக்குப் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.