சீசர் 3: வளர்ந்த வீடு ஏன் மறுபடி டென்ட் ஆகிறது?

கேள்வி: பல வருஷம் கழித்து சீசர் 3 என்ற ரோமானிய நகரம் கட்டும் கம்ப்யூட்டர் ஆட்டத்தை ஆட ஆரம்பித்திருக்கிறேன். வீடுகள் காசா என்ற நடுத்தர நிலை வரை வளர்கின்றன; கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக இறங்கி, அடிமட்ட நிலையான டென்ட்டில் வந்து நிற்கின்றன. ஜனங்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள், பண்ணைக்கு ஆள் இல்லை. மார்க்கெட் நாலு, கோயில் ஆறு இருக்கின்றன. கிரானரியில் (தானியக் களஞ்சியத்தில்) கோதுமையும் இருக்கிறது. இன்னும் எத்தனை கட்ட வேண்டும்?

பதில்: எதுவும் கட்ட வேண்டாம். முதலில் ரோட்டைப் பாருங்கள். உங்கள் ஊரில் நாலுமுனைச் சந்திப்புகள் நிறைய இருக்கும் என்று படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன்.

1998-இல் இம்ப்ரெஷன்ஸ் நிறுவனம் உருவாக்கி சியரா வெளியிட்ட ஆட்டம் இது. சிம்சிட்டி என்ற இன்னொரு நகர ஆட்டம் பழகிய கை, பள்ளியைக் கட்டிவிட்டால் சுற்றுவட்டாரம் முழுக்கப் படிப்பு போய்விடும் என்று நம்பும். சீசரில் அந்தச் சலுகை கிணற்றுக்கும் ஃபவுண்டனுக்கும் மட்டும்தான். மற்றதெல்லாம் ஆள் நடந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சந்தைக்காரி, பூசாரி, டாக்டர், பார்பர், பிரிஃபெக்ட் (தீயணைக்கும் காவல்காரர்) என்று ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் ஒருவர் தெருவில் இறங்குவார். அவர் போகும் வழியில் இரண்டு கட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்குத்தான் அந்த வசதி. அவர் திரும்ப வரும்வரை வீட்டின் கணக்கில் அது கரைந்துகொண்டே இருக்கும். கரைந்து தீர்ந்தால் வீடு ஒரு படி இறங்கும்.

இந்த ஆட்கள் சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. வீடே இல்லாத பொட்டல் ரோட்டில் பூசாரி பாட்டுக்கு நடந்துவிட்டு, குறிப்பிட்ட தூரம் ஆனதும் கோயிலுக்குத் திரும்பிவிடுவார். அதனால்தான் ஆறு கோயில் கட்டியும் உங்கள் மூலைத் தெருவுக்கு சாமி வரவில்லை. நான் முதன்முதலில் கட்டிய ஊர் புள்ளிக்கோலம் மாதிரி அத்தனை அழகு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சந்திப்பு. இரண்டு வருஷ ஆட்டத்தில் பாதி ஊர் காலி.

ஒரு வீடு இறங்கினால் அதோடு நிற்பதில்லை. சின்ன வீட்டில் இடம் குறைவு, மிஞ்சியவர்கள் வெளியேறுவார்கள். அவர்கள் போனால் வேலைக்கு ஆள் குறையும், பண்ணையில் விளைச்சல் குறையும், மார்க்கெட் காலியாகும், பக்கத்து வீடும் இறங்கும். நீங்கள் பண்ணை என்று நினைக்கும் பிரச்சினை தெருவில் ஆரம்பித்தது.

சரி, என்ன செய்வது? ஊரை இடிக்காதீர்கள். சேவ் செய்துவிட்டு, இறங்கும் வீட்டின் மேல் வலது கிளிக் செய்யுங்கள். எது இல்லாமல் இறங்குகிறது என்று அதுவே சொல்லும். பிறகு ஓவர்லே என்ற வரைபடப் பார்வையில் அந்த வசதியை மட்டும் போட்டுப் பாருங்கள். வீடுகளின் மேல் தூண்கள் தெரியும். எந்தத் தெருவில் தூண் குட்டையாகிக்கொண்டே போகிறதோ அங்கே ஆள் வரவில்லை.

அந்தப் பேட்டையைச் சுற்றி ஒரே வளையமாக ரோட்டை மாற்றுங்கள். கோயிலைச் சுற்றி நாலு மாட வீதி இருக்குமே, அதுதான் கணக்கு. வளையத்தின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வீடுகள், நடுநடுவே மார்க்கெட், கோயில், பள்ளி. குறுக்கே ஓடும் ரோடுகளை அழித்துத் தோட்டம் போட்டுவிடுங்கள். இடத்தின் மதிப்பும் ஏறும். திரும்ப வேறு வழி இல்லாததால் ஆள் எல்லா வாசலையும் கடந்துதான் ஆக வேண்டும். ஆனால் வளையத்தை ரொம்பப் பெரிதாக்காதீர்கள். பாதியிலேயே அவர் திரும்பிவிட்டால் கோடியில் இருக்கும் வீடு பட்டினி. நீளமான வளையம் என்றால் எதிரெதிர் மூலைகளில் இரண்டு மார்க்கெட் வையுங்கள்.

வளையத்தை வெளி ரோட்டோடு இணைக்கும் ஒரு வாய் வேண்டும், இல்லாவிட்டால் சந்தைக்காரி கிரானரிக்குப் போக முடியாது. அந்த வாயில் ஒரு கேட்ஹவுஸ் (மதில் வாசல் கட்டடம்) கட்டுங்கள். மதில் வேண்டியதில்லை, கேட்ஹவுஸ் மட்டும் போதும். இலக்கில்லாமல் சுற்றுபவர்கள் அதைத் தாண்ட மாட்டார்கள். சரக்கு வாங்கப் போகிறவள், வண்டி தள்ளுகிறவன் போல இடம் குறித்துப் போகிறவர்களுக்குத் தடையில்லை. 1999-இல் வந்த ஃபாரோ என்ற ஆட்டத்தில் இதற்கென்றே ரோட்பிளாக் என்று தனியாகக் கொடுத்துவிட்டார்கள். அகஸ்டஸ் என்ற ரசிகர் பதிப்பில் ஆடினால் அதிலும் ரோட்பிளாக் உண்டு. பழைய ஆட்டத்தில் கேட்ஹவுஸ்தான் கதி. அது பக்கத்து வீட்டின் மதிப்பைக் குறைக்கும், ஆகவே வாசலை ஒட்டி வீடு வேண்டாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பண்ணை, பட்டறைகளிலிருந்து வேலைக்கு ஆள் பிடிக்க வருகிறவரும் கேட்ஹவுஸைத் தாண்ட மாட்டார். பண்ணையும் பட்டறையும் வெளியே இருந்தால் 'வேலைக்கு ஆள் இல்லை' என்று நின்றுவிடும். அங்கே நாலைந்து டென்ட் போட்டு, ஒரு கிணறும், பிரிஃபெக்ட் இருக்கும் பிரிஃபெக்சர் ஒன்றும் வையுங்கள். ஆள் பிடிப்பவர் ஒரு குடியிருப்பைக் கடந்துவிட்டால் போதும், நகரம் முழுக்க இருக்கும் வேலையாட்களிலிருந்து அவருக்குப் பங்கு கிடைக்கும். அந்த டென்ட்டுகள் டென்ட்டாகவே கிடக்கட்டும், முன்னேற்ற நினைக்காதீர்கள். டென்ட் சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் பிரிஃபெக்சரை மட்டும் மறக்க வேண்டாம்.

வளையம் சரியாகி வீடுகள் நிலைத்த பிறகும் ஆள் பஞ்சம் தொடர்ந்தால், வில்லாக்களை (பணக்கார வீடுகளை) எண்ணிப் பாருங்கள். ஒயின் கிடைத்ததும், காசாவுக்கு அடுத்த நிலையான இன்சுலா வில்லாவாகிவிடும். வில்லாவில் குடியேறுபவர் பிரபு, வேலைக்கு வர மாட்டார். வரி நன்றாகக் கொடுப்பார், அவ்வளவுதான். ஒயினை அந்தப் பேட்டைக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்தால் வீடுகள் இன்சுலாவிலேயே நிற்கும், உங்கள் பண்ணைக்கும் ஆள் வரும்.