திறந்தாலும் விழிக்காத லேப்டாப்: பவர் பட்டனை அழுத்தும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: என்னிடம் இருப்பது மூன்று வருடம் பழைய விண்டோஸ் 11 லேப்டாப். இரவு வேலை முடிந்ததும் மூடியை மட்டும் மூடிவிட்டுப் படுத்துவிடுவேன். ஒரு மாதமாக, காலையில் திறந்தால் பவர் விளக்கு எரிகிறது, சில நாள் ஃபேன் சத்தமும் கேட்கிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுப் போட்டால் எல்லாம் வந்துவிடுகிறது. சேமிக்காமல் விட்ட வேலை மட்டும் போய்விடுகிறது. தினமும் இப்படி இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். பகலில் கொஞ்ச நேரம் மூடித் திறந்தால் ஒழுங்காக எழுகிறது. திரை போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் நண்பர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அணைத்துப் போட்டதும் படம் குறையில்லாமல் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழுதான திரை அப்படிச் சரியாகாது. ஒரு நாள் சரியானாலும், வேலை நடுவில் கோடு விழும், மினுக்கும், மூடியை அசைத்தால் படம் போய்ப் போய் வரும். உங்களுக்கோ தூக்கத்திலிருந்து எழும்போது மட்டும்தான் சிக்கல். முதல் சந்தேகம் போக வேண்டியது டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்), பயாஸ் (விண்டோஸுக்கும் முன்பே ஓடி லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும், மதர்போர்டில் உள்ள மென்பொருள்), பவர் அமைப்புகள் பக்கம். இவற்றை எதுவும் வாங்காமல் நீங்களே பார்க்கலாம்.

அணைத்துப் போட்டால் வருவது, ஸ்லீப்பிலிருந்து மட்டும் ஏன் வராமல் போகிறது? லேப்டாப்பைப் புதிதாகப் போடும்போது ஒவ்வொரு பாகமும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஸ்லீப்பிலிருந்து எழும்போது அப்படியில்லை. கிராஃபிக்ஸ் சிப், எஸ்எஸ்டி, வைஃபை, டச்பேட் எல்லாம் நேற்று விட்ட அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். திருப்பிக் கொண்டுவருவது அந்தந்த டிரைவரின் பொறுப்பு. ஒரு டிரைவர் தன் சாதனம் பதில் சொல்லும் என்று காத்துக்கொண்டே நின்றுவிட்டால், மொத்த லேப்டாப்பும் அங்கேயே நின்றுவிடும். விளக்கு எரியும், ஃபேன் ஓடும், திரையில் ஒன்றும் வராது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்லீப் என்பதில் இரண்டு வகை உண்டு. பழைய வகைக்கு எஸ்3 என்று பெயர். அதில் திறந்திருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ராமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், மற்றவை ஏறக்குறைய எல்லாமே அணைந்திருக்கும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் அது இல்லை. அதற்குப் பதில் மாடர்ன் ஸ்டாண்ட்பை இருக்கும். திரை அணைந்து பிராசசர் ஆழ்ந்த ஓய்வில் இருந்தாலும், கணினி முழுதாகத் தூங்குவதில்லை. மெயில் வாங்கும், அப்டேட் வேலையும் நடக்கலாம். பைக்குள் வைத்த லேப்டாப் சுடுவதற்கும், இரவில் நிறைந்திருந்த பேட்டரி காலையில் காலியாக இருப்பதற்கும் பல நேரம் இதுதான் காரணம். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ள கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்வுக் கோடும் ஏ-யும் போட்டு என்டர் தட்டுங்கள். எந்தெந்த ஸ்லீப் உண்டு, எது இல்லை என்று பட்டியல் வரும். ‘எஸ்0 லோ பவர் ஐடில்’ என்று இருந்தால் புதிய வகை.

சரி, இனி அடுத்த முறை திரை கறுப்பாக இருக்கும் காலைக்கு வருவோம். என் முக்கியமான வேண்டுகோள் இதுதான்: உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். சிக்கல் எங்கே இருக்கிறது என்பதற்கான தடயம் அந்த ஓரிரு நிமிடம்தான் கையில் இருக்கும். அணைத்துவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும், கூடவே உங்கள் வேலையும்.

மூடியைத் திறப்பதற்கு முன்பே பவர் விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் விளக்கு மெதுவாக மின்னினால் ஸ்லீப்பில் இருக்கிறது, அணைந்திருந்தால் ஹைபர்நேட்டுக்கு (வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் நிலைக்கு) போய்விட்டது அல்லது பேட்டரி தீர்ந்துவிட்டது, நிலையாக எரிந்தால் அது தூங்கவே போகவில்லை. பிறகு சார்ஜரைச் செருகிவிட்டு மூடியைத் திறந்து, பவர் பட்டனை ஒரே ஒரு தடவை, சட்டென்று தொட்டு எடுங்கள். ஒரு நிமிடமாவது காத்திருங்கள். ஹைபர்நேட்டிலிருந்து எழ நேரம் பிடிக்கும். அது பாதி வழியில் இருக்கும்போது பொறுமையிழந்து அணைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அப்புறமும் கறுப்பு என்றால் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு போட்டால் எரிந்து, மறுபடி தட்டினால் அணைகிறதா? அப்படியானால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. இது நல்ல செய்தி. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு B விசையைத் தட்டுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும்; ஒரு பீப் சத்தம் கேட்கலாம், திரை ஒருமுறை மினுக்கும். திறந்து வைத்த வேலைக்கு ஒன்றும் ஆகாது. இதில் படம் வந்துவிட்டால் குற்றவாளி கிராஃபிக்ஸ் டிரைவர் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். வரவில்லை என்றால், இருட்டில் திரையின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்விளக்கு மட்டும் எரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டும் விசையை முதலில் அழுத்திப் பாருங்கள். பகலில் வெளி மானிட்டரில் வேலை செய்கிறவராக இருந்தால், இல்லாத மானிட்டருக்குப் படம் போய்க்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. மானிட்டரை ஒருமுறை இணைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேப்ஸ் லாக் விளக்கு எதற்கும் அசையவில்லை என்றால் லேப்டாப் உறைந்துவிட்டது. இப்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வழியில்லை.

திரும்பப் போட்டதும், விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்துப் பலர் பவர் சப்ளை போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன முறை கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை. நீங்கள்தானே பட்டனைப் பிடித்து அணைத்தீர்கள், அந்தப் பதிவு அதைத்தான் குறிக்கிறது. நாம் தேட வேண்டியது அதற்கு முந்தைய பதிவுகளை. பழைய வகை ஸ்லீப்பில் ‘பவர்-ட்ரபிள்ஷூட்டர்’ என்ற பெயரில் எண் 1 உள்ள பதிவு, கணினி எழுந்த நேரத்தையும் எழுப்பியது எது என்பதையும் சொல்லும். மாடர்ன் ஸ்டாண்ட்பையில் உள்ளே போகும்போது கெர்னல்-பவர் 506, வெளியே வரும்போது 507. நீங்கள் மூடியைத் திறந்த நேரத்துக்கு 507 இருந்தால், விண்டோஸ் எழுந்துவிட்டது, திரைதான் வரவில்லை. 506 மட்டும் இருந்து 507 இல்லை என்றால் எழும் வழியிலேயே நின்றுவிட்டது. கேப்ஸ் லாக் சோதனையும் இதுவும் ஒரே திசையைக் காட்டினால் துணிந்து அடுத்த வேலைக்குப் போகலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. ‘ஒரு மாதமாக’ என்பது ஒன்று, ‘இரவு முழுக்க மூடினால் மட்டும்’ என்பது இன்னொன்று.

ஒரு மாதத்துக்கு முன் என்ன மாறியது? செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் போய் அப்டேட் வரலாற்றைப் பாருங்கள். டிரைவர் அப்டேட்ஸ் என்று தனியாகவே இருக்கும். அந்தத் தேதியையொட்டி கிராஃபிக்ஸ் டிரைவர் வந்திருந்தால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறந்து, ப்ராபர்ட்டீஸில் டிரைவர் தாவலுக்குப் போய் ரோல் பேக் கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை என்று பொருள். லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்றே கொடுத்திருக்கும் டிரைவரை இறக்கிப் போடுங்கள். இன்டெல், என்விடியா என்று இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால் இரண்டையும் கவனியுங்கள். சிப்செட் டிரைவரையும் விட்டுவிடாதீர்கள். டிரைவர்களைத் தானாகப் புதுப்பித்துத் தருகிறோம் என்று சொல்லும் வேறு நிறுவனங்களின் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். மாடலுக்குப் பொருந்தாத டிரைவரைப் போட்டுவிட்டால் இருக்கும் சிக்கலோடு இன்னொன்றும் சேரும்.

டிரைவரை மாற்றியதும் ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலை டிஸ்க்கில் எழுதப்பட்டு, அடுத்த முறை அதிலிருந்தே எடுக்கப்படும். டிரைவர்களின் நிலை குழம்பியிருந்தால் அந்தக் குழப்பமும் அப்படியே தொடர வாய்ப்புண்டு. ரீஸ்டார்ட்தான் உண்மையில் புதுத் தொடக்கம். எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் இந்த வசதியால் மிச்சமாவது சில நொடிகள்தான். ஆகவே இப்படி ஒரு தொல்லை இருக்கும்வரை அதை நிறுத்தி வைப்பதே நல்லது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் இருக்கும்.

அடுத்தது இரவு விஷயம். பல லேப்டாப்கள் சில மணி நேரம் ஸ்லீப்பில் இருந்தபின் தானாகவே ஹைபர்நேட்டுக்குப் போகும். அதாவது ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். பகலில் பத்து நிமிடம் மூடித் திறந்தால் எழுகிறது, இரவு கழிந்தால் எழவில்லை என்றால், தடுமாறுவது ஹைபர்நேட்டிலிருந்து திரும்பி வரும் இடமாக இருக்கலாம். இதைச் சோதிப்பது எளிது. வேலைகளையெல்லாம் சேமித்து மூடிவிட்டு, நேரடியாக ஹைபர்நேட் கொடுங்கள். பவர் மெனுவில் அது இல்லாவிட்டால் மேலே சொன்ன பவர் ஆப்ஷன்ஸ் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். சில முறை செய்து பாருங்கள். ஒரு தடவை எழாமல் போனாலும் போதும், இடம் தெரிந்துவிட்டது. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, முன்பு அடித்த அதே கட்டளையில் ஏ-க்குப் பதில் ஹெச் போட்டு, இடைவெளி விட்டு ‘ஆஃப்’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ரீஸ்டார்ட் செய்தபின் மறுபடி ‘ஆன்’ கொடுங்கள். ஹைபர்நேட்டுக்கான கோப்பு அழிந்து புதிதாக உருவாகும். அந்தக் கோப்பு கெட்டுப்போயிருந்தால் இதிலேயே சரியாகிவிடும்.

ஹைபர்நேட் ஒவ்வொரு முறையும் நன்றாக எழுந்து ஸ்லீப் மட்டும் சொதப்பினால், காரணம் தெரியும்வரை மூடியை மூடினால் ஹைபர்நேட் ஆகும்படி மாற்றிவிடுங்கள். எழ சில நொடி கூடுதலாக ஆகும், ஆனால் வேலை டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்.

செருகியிருக்கும் யூஎஸ்பி டாக், வெளி ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டும் சில இரவுகள் பாருங்கள். வெளிச் சாதனம் ஒன்று பதில் சொல்லாமல் மொத்தத்தையும் நிறுத்தி வைப்பது புதிதல்ல. மூடிக்குள் ஒரு காந்தமும் அதை உணரும் சென்சாரும் உண்டு. காந்தம் வைத்த ஃபோன் உறையோ கை வளையமோ அருகில் இருந்தால், மூடி மூடியே இருக்கிறது என்று நினைத்து லேப்டாப் எழுந்ததும் மறுபடி தூங்கிவிடும்.

டிரைவரில் தீரவில்லை என்றால் பயாஸ். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கு வந்த பயாஸ் பதிப்புகளின் குறிப்புகளைப் படியுங்கள். ஸ்லீப்பிலிருந்து எழாதது சரிசெய்யப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. சார்ஜர் செருகியே இருக்க வேண்டும், நடுவில் அணையக் கூடாது. டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயை முன்கூட்டியே வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பயாஸ் மாறியதும் சில லேப்டாப்கள் அந்தக் கீயைக் கேட்கும். கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ள எதையும் திறக்க முடியாது.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் வரும் கோளாறு இது. மறுநாள் காலை நன்றாக எழுந்தது என்பது எதையும் நிரூபிக்காது, எப்படியும் பாதி நாள் அது நன்றாகத்தானே எழுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு வாரமாவது கொடுங்கள். தேதி, என்ன மாற்றினீர்கள், கேப்ஸ் லாக் எரிந்ததா என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள்.

எல்லாம் செய்தும் அப்படியே இருந்தால், கோளாறு மென்பொருளிலா வன்பொருளிலா என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, டிஸ்க்கில் நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கி, பலமுறை ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்பிப் பாருங்கள். பிட்லாக்கர் ரெக்கவரி கீ இதற்கும் கையில் இருக்கட்டும். அங்கே தொடர்ந்து ஒழுங்காக எழுந்தால் சந்தேகம் விண்டோஸின் பக்கம்தான். கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு விண்டோஸை ரீசெட் செய்யலாம். அங்கேயும் அதே கறுப்புத் திரை என்றால் பயாஸ், ராம், மதர்போர்டு ஆகியவற்றில் ஒன்று. ராமை விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் கொண்டு நீங்களே சோதிக்கலாம். அதில் பிழை காட்டினால் ராம் மாற்றுவதோடு முடிந்துவிடலாம். பிழை இல்லையென்றால் சர்வீஸுக்குக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, குறித்து வைத்த தாளையும் லேப்டாப்போடு கொடுங்கள். திரையை மாற்றிப் பார்க்கலாம் என்று அங்கேயும் தொடங்கினால், வெளி மானிட்டரிலாவது அந்த நேரத்தில் படம் வருகிறதா என்று முதலில் காட்டச் சொல்லுங்கள்.