பக்கத்து வீட்டுக்கு 300 ரூபாய் வருகிறது, எனக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்டக் கூலிக்குப் போகிறேன். முன்பெல்லாம் சிலிண்டர் எடுத்தால் சில நாளில் பேங்கில் சப்சிடி விழும். இப்போது பல வருஷமாக ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஏஜென்சியில் கேட்டால் பேங்குக்குப் போ என்கிறார்கள், பேங்கில் கேட்டால் ஏஜென்சிக்குப் போ என்கிறார்கள். பக்கத்து வீட்டில் மட்டும் 300 ரூபாய் வருகிறது. யாரிடம் புகார் கொடுப்பது?

பதில்: அம்மா, உங்கள் பணத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுடையது சாதாரண இணைப்பாக இருந்தால் அதற்கு இப்போது மானியமே கிடையாது. இதை அந்த இரண்டு இடத்தில் யாராவது ஒருவர் நேராகச் சொல்லியிருந்தால், அலைந்த நாட்களின் கூலியாவது உங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

2015 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க ஒரே முறைதான்: சிலிண்டரை முழு விலைக்கு வாங்க வேண்டும், மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். 2020 மே மாதம், கொரோனா காலத்தில், உலகச் சந்தையில் விலை சரிந்தது. சந்தை விலையும் மானிய விலையும் ஒன்றாகிவிட்டதால் கணக்கில் போட எதுவும் இல்லை என்று நிறுத்தினார்கள். அப்புறம் விலை ஏறு ஏறு என்று ஏறியது. மானியம் மட்டும் திரும்பவில்லை. இதை வீடு வீடாக வந்து யாரும் சொல்லாததால்தான் இன்னும் எத்தனையோ பேர் பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்கு வருவது உஜ்வலா மானியம். 2016 மே 1 அன்று தொடங்கிய திட்டம் அது. ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில், டெபாசிட் வாங்காமல் கொடுத்த இணைப்பு. அவர்களுக்கு மட்டும் 2022 மே மாதம் சிலிண்டருக்கு 200 ரூபாய் அறிவித்தார்கள், 2023 அக்டோபரில் அதை 300 ஆக்கினார்கள். அதிலும் வருஷத்துக்கு 12 சிலிண்டர் என்று இருந்ததை 2025-26க்கு 9 ஆகக் குறைத்துவிட்டார்கள். இணைப்பு எடுத்தபோது நீங்கள் கையிலிருந்து டெபாசிட் கட்டியிருந்தால் உங்களுடையது உஜ்வலா இல்லை. வீட்டில் ஏற்கெனவே கேஸ் இருப்பதால் இனி அதில் சேரவும் முடியாது. இது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். விறகுப் புகை வேண்டாம் என்று சீட்டுப் பணத்தில் முன்கூட்டியே இணைப்பு எடுத்த கூலிக்காரப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்றால், அந்த விதியைத்தான் திருத்த வேண்டும். ஆகவே புகார் எழுதுவதைவிட, ஊர்க்காரர்கள் சேர்ந்து உங்கள் எம்.பி.யிடம் மனுவாகக் கொடுங்கள். கேஸ் மானியம் மத்திய அரசின் கையில் இருக்கிறது.

உஜ்வலா இணைப்பு இருந்தும் பணம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆதாரை எந்த வங்கியில் கடைசியாக இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். எல்லையில் இருக்கிற நமக்கு ஊரில் ஒரு கணக்கு, பொள்ளாச்சியில் ஒரு கணக்கு என்று இருப்பது சகஜம். மறந்துபோன அந்தப் பழைய பாஸ்புக்கை முதலில் பதிந்து பாருங்கள். ஆதார் இணையதளத்திலும் எந்த வங்கி என்று தெரியும். அதுவும் சரியாக இருந்தால், ஏஜென்சியில் கைரேகை வைத்துச் செய்யும் ஆதார் சரிபார்ப்பு, அதாவது இ-கேஒய்சி, முடித்திருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் பெட்ரோல் விலை குறைகிறது. தமிழ்நாட்டில் மானியம் தருகிறார்களா? அங்கே போய் அடிப்பது லாபமா?

பதில்: மானியம் இல்லை தம்பி, வரி. பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனிலும் டீசலுக்கு 2014 அக்டோபரிலும் மத்திய அரசு எடுத்துவிட்டது. இவை ஜிஎஸ்டிக்குள் வராததால் ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைத் தானே போடுகிறது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரளமோ 2023 ஏப்ரல் 1 முதல் சமூகப் பாதுகாப்பு செஸ் என்ற கூடுதல் வரியாக லிட்டருக்கு 2 ரூபாய் கூட்டியது. நலப் பென்ஷனுக்கான பணம் அது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆந்திர எல்லையில் சித்தூர், திருத்தணிப் பக்கமும் இதே கதைதான். ஆந்திர வரி அதிகம் என்பதால் வண்டிகள் தமிழ்நாட்டுப் பக்கம் வருகின்றன.

லாபமா என்றால், சவாரி அந்த வழியாக இருந்தால் மட்டும். வித்தியாசம் லிட்டருக்கு 6 ரூபாய் என்று வையுங்கள். 5 லிட்டருக்கு 30 ரூபாய் மிச்சம். இதற்காகவே போக வர 20 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 25 கிலோமீட்டர் தரும் வண்டி முக்கால் லிட்டருக்கு மேல் குடித்துவிடும். அந்த 30 ரூபாயைக் கழித்தாலும் கையிலிருந்து ஐம்பது ரூபாய்க்குமேல் போகும்.

எந்தப் பக்கம் அடித்தாலும், அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். பெட்ரோல் பங்கில் அது இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. எடை குறைவாக இருக்குமோ?

பதில்: வாசலிலேயே எடை போடச் சொல்லுங்கள். காலி சிலிண்டரின் எடை அதன் மேல் எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோ கூட்டினால் வரவேண்டிய எடை. குறைந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள்.