விட்டுக்கொடுக்க அண்ணன் யார்?

கேள்வி: வணக்கம் மேடம். ஏழு வருஷம் அடியும் ஏச்சும் வாங்கிவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்பு மகளைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். விவாகரத்து ஆகவில்லை. ஜவுளிக்கடையில் வேலை. இப்போது அடிக்க ஆள் இல்லை, ஆனாலும் யாராவது குரலை உயர்த்தினால் என்ன ஏது என்று தெரியாமலே 'சாரி' சொல்லிவிடுகிறேன். கடையில் மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியும் என் தலையில்தான். பெரியவர்கள் கூடிப் பேசியபோது என் 18 பவுன் வேண்டாம் என்று அண்ணன் விட்டுக்கொடுத்துவிட்டார். இப்போது, 'மாப்பிள்ளை திருந்திட்டார், சித்தி மகள் வளைகாப்புக்கு வர்றார், நீ ஒரு வார்த்தை பேசு' என்கிறார். நகையைக் கேட்கலாமா என்றால், 'மூணு வருஷம் ஆச்சு, இனி சட்டப்படியும் முடியாது, ஊர் சிரிக்கும்' என்கிறார். தவறாக இருந்தால் மன்னிக்கவும், எனக்காக நானே பேச எப்போது கற்றுக்கொள்வேன்?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: நீங்கள் எழுதியது நாலு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன், வெட்டியதில் பாதி 'மன்னிக்கவும்'கள்தான். கையெழுத்துக்கு ஒன்று, கடிதம் நீண்டுபோனதற்கு ஒன்று, என் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு இரண்டு. உங்களைக் கேட்காமல் உங்கள் நகையைத் தாரை வார்த்த அண்ணனைப் பற்றி எழுதும்போதும் 'அவர் என் நல்லதுக்குத்தான் செய்தார்' என்று ஒரு வரி. சரி, அவரிடம் பிறகு வருகிறேன்.

இந்த 'சாரி'யை நினைத்துக் கூசாதீர்கள். வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்று ராத்திரி எப்படிப் போகும் என்று ஏழு வருஷம் கணக்குப் போட்டவர் நீங்கள். அங்கே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் சில நாள் அடி விழாது, உடம்பு அதைப் பிடித்துக்கொண்டது. ஆள் போன பிறகும் உடம்புக்கு அது தெரிய நாளாகும். அதனால்தான் சூப்பர்வைசர் ஏதோ பில்லைக் காணோம் என்று கத்தினால்கூட, விஷயம் புத்திக்கு எட்டும் முன் வாய் மன்னிப்புக் கேட்டுவிடுகிறது. நெஞ்சு படபடப்பது நின்ற பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். தூக்கம் இல்லை, பழைய காட்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அண்ணி ஏதாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கடையில் பழகுவது சுலபம், அங்கே தோற்றாலும் பெரிதாக ஒன்றும் போய்விடாது. ஞாயிறு வர முடியுமா என்றால் உடனே தலையாட்டாமல் 'யோசிச்சுச் சொல்றேன்' என்று மட்டும் சொல்லுங்கள். சாயங்காலம் போய் 'இந்த வாரம் முடியாது' என்று சொல்லுங்கள், காரணம் வேண்டாம். நம் ஆட்களிடம் ஒரு காரணத்தைச் சொன்னால் அதற்கு ஒரு வழியையும் சேர்த்துச் சொல்வார்கள். மகளுக்குக் காய்ச்சல் என்றால் 'பாட்டி பார்த்துக்க மாட்டாங்களா?' என்பார்கள். இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் வேறு ஏமாளியைத் தேடுவார்கள்.

இனி அண்ணன். அடிக்கிற வீட்டிலிருந்து வந்த தங்கைக்குக் கதவைத் திறந்தார், அதற்கு ஆயிரம் கும்பிடு. ஆனால் அந்தக் கதவுக்கு வாடகையாக உங்கள் வாயை எழுதி வாங்கிக்கொண்டாரா என்ன? கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கு மட்டுமே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லியாயிற்று, கணவனும் மாமியாரும் அதை வைத்திருந்தால் வெறும் காவல்காரர்கள்தான். 'மூணு வருஷம் ஆச்சு' என்பதும் தப்பு. 2015இல் இதே வாதம் வந்தது. பெண்ணுக்கே சொந்தமான இந்தச் சீதனத்தைத் திருப்பித் தராமல் வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும் குற்றம் தொடர்கிறது, காலாவதி என்று தள்ள முடியாது என்று தீர்ப்பு. உங்கள் அண்ணனுக்கு நேராகவே பொருந்துவது 2024இல் வந்தது: ஒரு தகப்பனார் மகளின் சீதனத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட, மகள் அதிகாரம் கொடுக்காமல் தகப்பனுக்கே அதைக் கேட்கும் உரிமை கிடையாது என்றது நீதிமன்றம். கேட்கவே உரிமை இல்லாத இடத்தில் வேண்டாம் என்று சொல்ல அண்ணன் யார்? பஞ்சாயத்தில் அவர் விட்டுக்கொடுத்தது அவருடையது இல்லை.

ஊர் சிரிக்குமாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். வளைகாப்புக்கு வந்து கைக்கு வளையல் போடப்போகிற பெண்களில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இவர்களா சிரிக்கப்போகிறார்கள்?

அவர் திருந்திவிட்டார் என்பதைப் பற்றி எனக்கு ஒரே சந்தேகம்தான். திருந்திய மனிதர் மூன்று வருஷமாக அடுத்தவர் நகையைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்? மகளின் பள்ளிக் கட்டணம் ஒரு தவணையாவது வந்ததா? (வந்திருந்தால் அதை நாலு பக்கத்தில் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள்.) வளைகாப்புக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். போனால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பேச்சை எடுத்தால் 'இங்கே வேண்டாம்' என்று எழுந்துவிடுங்கள். நகை கேட்டு அந்த வீட்டு வாசலுக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள். பிடி நழுவுகிறது என்று தெரியும்போதுதான் இப்படிப்பட்ட ஆட்கள் அதிகம் ஆடுவார்கள். மிரட்டினால் பெண்கள் உதவி எண் 181க்கு போன் அடியுங்கள்.

கேட்க வேண்டிய இடம் வேறு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அவர் மூலம் மாஜிஸ்திரேட்டுக்கு மனுப் போடலாம். நகையைத் திருப்பித் தரச் சொல்லவும், மகளுக்கும் உங்களுக்கும் செலவுக்குப் பணம் தரச் சொல்லவும் ஒரே மனு போதும். வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம். கோர்ட் வளாகத்திலேயே இருக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாமேல் வாய்தா போகும், அதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

அண்ணனிடம் அனுமதி கேட்க வேண்டாம், மனுப் போட்ட பிறகு தகவலாகச் சொல்லுங்கள், போதும். அதற்கு முன் நகைக்கடை ரசீது அம்மாவிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்தை இறக்குங்கள். கழுத்தில் ஆரமும் கையில் வளையலும் தெளிவாகத் தெரிகிற படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். பெரிதாகச் செலவழித்துப் போட்ட அந்த ஆல்பம் இதற்காவது பயன்படட்டும்.