கே ஃபிரேம் ரிவால்வர் மேக்னத்தைத் தாங்குமா? கேள்வி பதில்

கேள்வி: சார், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19-இல் வீரியமான .357 மேக்னம் தோட்டா சுட்டால் துப்பாக்கி சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. மாடல் 19 வந்தது 1955-இல். அதுவரை அந்தக் கம்பெனியின் .357 எல்லாம் பெரிய என் ஃபிரேமில்தான் (ஃபிரேம் என்பது ரிவால்வரின் உடற்சட்டம், எழுத்து அதன் அளவு). நாள் முழுக்க இடுப்பில் சுமப்பவருக்குக் கனம். அமெரிக்க எல்லைக் காவல் படையின் பில் ஜோர்டான் வற்புறுத்தியதால், வீரியம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவுக்குப் பழகிய நடுத்தர கே ஃபிரேமில் மேக்னத்தை ஏற்றினார்கள். பயிற்சிக்கு .38, பணிக்கு மேக்னம் என்பதே அன்றைய கணக்கு. அந்தக் கணக்கில் ஓடிய துப்பாக்கிகள் இன்றும் நன்றாகவே இருக்கின்றன.

கேள்வி: முதலில் எந்த இடம் போகும்?

ஃபோர்சிங் கோன். அதாவது சிலிண்டரை விட்டுக் கிளம்பும் குண்டு பேரலுக்குள் நுழையும் வாய். சிலிண்டரைத் தாங்கும் கிரேன் மூடுவதற்கு இடம் வேண்டும் என்று கே ஃபிரேமில் இதன் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். சிலிண்டரை வெளியே திறந்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்: சுற்றிலும் மோதிரம் மாதிரி ஒரே கனமாக வரும் சுவர், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில் மட்டும் மெலிந்திருக்கும். விரிசல் விட்டால் பெரும்பாலும் அங்கேதான். அப்புறம் பேரலையே மாற்ற வேண்டும். பழைய மாடலுக்குப் பேரல் கிடைப்பது குதிரைக் கொம்பு.

கேள்வி: 125 கிரெய்ன் எடைக் குண்டு ஆகாது, 158 ஆகும் என்பது ஏன் அண்ணா? கனமான குண்டுதானே அதிகம் அடிக்கும்?

கைக்குத்தான் அப்படித் தெரியும். 125 குட்டை, வேகமும் அதிகம். 4 அங்குலப் பேரலிலேயே நொடிக்குச் சுமார் 1,400 அடி. குட்டைக் குண்டு கோனைச் சரியாக அடைப்பதற்குள் சூடான வாயுவும் எரியாத மருந்துத் துகளும் முந்திப் பாய்ந்து உலோகத்தை அரிக்கின்றன என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். போலீஸ்காரர்கள் பயிற்சியிலும் இதையே சுடத் தொடங்கிய பிறகுதான் விரிசல் பேச்சு பெரிதானது. என்னைக் கேட்டால், பழைய கே ஃபிரேமில் 125 பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: சிலிண்டருக்கு மேலே ஃபிரேமில் கோடு வெட்டியிருக்கிறது. பயப்படணுமா?

வேண்டாம். அது சூடான வாயு அரித்த கோடு, ஓரளவு வெட்டியதும் தானே நின்றுவிடும்.

கேள்வி: பழையது வாங்கப் போகிறேன், எதைப் பார்ப்பது?

ஆறு அறையும் காலி என்று உறுதிசெய்துவிட்டு, சிலிண்டரை மூடி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் நிறைய மேக்னம் பார்த்த துப்பாக்கி. அதைச் சின்ன வாஷர் போட்டுச் சரிசெய்யலாம். அடுத்து ஹேமரை மெதுவாக இழுங்கள். ஹேமர் நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள், ஒன்றோடு விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: .38 மட்டுமே சுட்டால் தொல்லை இல்லையே?

தேய்மானத் தொல்லை இல்லை. ஆனால் .38 கூடு மூன்றரை மில்லிமீட்டர் போலக் குட்டை. அது முடியும் இடத்தில் கரி வளையம் கட்டும். பிறகு மேக்னம் போட்டால் சிக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும்.

கேள்வி: மேக்னம் மட்டுமே சுடுவேன் என்றால்?

சரி, அப்படியானால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எல் ஃபிரேம் மாடல் 686 அல்லது ரூகர் கம்பெனியின் ஜிபி100. கே ஃபிரேமின் கைப்பிடி அளவிலேயே, முன்பக்கம் தடித்த எல் ஃபிரேம் 1980-களின் தொடக்கத்தில் வந்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். கே ஃபிரேம்தான் வேண்டும் என்றால் 2014-இல் திரும்பி வந்த மாடல் 66-ஐத் தேடுங்கள். அதில் அந்தத் தட்டை வெட்டு கிடையாது.